குதிரைமசால் வயலில் சக்கரத் தடம்

மார்ச் 6, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய வெர்னா அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் ஆரின் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கிளெண்டாவும் சௌக்கியம். பாய்சியில் மகள் வீட்டில் நீங்களும் புதுப் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். குழந்தைக்கு உங்கள் மூக்கு என்று கேள்விப்பட்டோம், சந்தோஷம். உங்கள் மாடுகள் சௌக்கியம். கோழிகள் சௌக்கியம். வீட்டுக் கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் முதலில் எழுதச் சொன்னவள் கிளெண்டா. "நல்ல சேதியெல்லாம் முன்னாடி எழுதிடுங்க, வயல் சேதிக்கு அப்புறம் அவங்க எதையும் படிக்க மாட்டாங்க" என்றாள்.

இனி வயல் சேதி. தரை அணில்கள் பிப்ரவரி கடைசியிலேயே குளிர்காலத் தூக்கம் கலைந்து, பனியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. நீங்களும் போன வாரம் போனில் சொன்னீர்கள்: "ஆரின், போன வருஷம் முதல் அறுப்புல பாதிக் குதிரைமசால் புல்லு அதுங்க வயித்துக்குத்தான் போச்சு. குட்டி போடறதுக்கு முன்னாடி போய்ச் சுட்டுடு. ஆனா ஒண்ணு, வயல்ல சக்கரம் பட்டுச்சுன்னா இதுதான் உனக்குக் கடைசி வருஷம்." நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும். வயலில் வண்டி விட்ட அந்த போர்ட்லாந்து டாக்டரை நீங்கள் அனுப்பிவைத்த அழகை நேரில் பார்த்தவன் நான். அந்த மனிதர் தன் தொப்பியைக்கூடத் திரும்பி வந்து எடுக்கவில்லை.

அண்ணி, மனசை விட்டுச் சொல்கிறேன். எனக்கு மீன் பிடிக்கப் பொறுமை கிடையாது. சர்ச் பாட்டுக் குழுவில் இனி வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது மார்ச், ஏப்ரலில் உங்கள் வயல் ஒன்றுதான். ஹார்லன் அண்ணன் இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். அதுவும் போய்விட்டால் கிளெண்டாவும் நானும் வருடம் பூராவும் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். கிளெண்டா என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கிறாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சனிக்கிழமை காலை என் மைத்துனன் வெண்டல் பாய்சியிலிருந்து வந்து நின்றான். அவனை உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான், எதையும் இரண்டாக வாங்குவான். இரண்டு துப்பாக்கி, இரண்டு தொலைநோக்கி, சுடும்போது துப்பாக்கியை வைக்க ஒரு மடக்கு மேசை, நாற்காலிகள், பேட்டரியில் சூடாகிற ஒரு சட்டை. காலை ஏழு மணிக்கு உங்கள் வாசல் கேட்டில் நிற்கிறோம். உறைநிலைக்கும் கீழே இருபது டிகிரி. காற்று காதை அறுக்கிறது. கேட்டில் நீங்கள் சிவப்புப் பெயிண்டில் எழுதி மாட்டிய பலகை இருக்கிறது: "சக்கரம் பாதையில், கால் வயலில்." நான் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். வெண்டல்தான் வண்டியிலிருந்து இறங்கி வயலைக் காலால் உதைத்துப் பார்த்து, "கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. வெயில் ஏறி இளகறதுக்கு முன்னாடி, ஒன்பது மணிக்குள்ள வெளிய வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்றான். நான் எவ்வளவோ தடுத்தேன். வண்டி என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளி "நான் ஓட்டறேன்" என்று கையை நீட்டும்போது சாவியைக் கொடுக்காமல் இருந்தால் அது மரியாதையாகுமா? கொடுத்துவிட்டேன். அவன் ஓட்டினான். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயல் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தோம். அணில் ஒன்றுகூட இல்லை. பனி பெய்தது, நின்றது, ஆலங்கட்டியாகப் பெய்தது, மறுபடி நின்றது. கொண்டுபோன எல்க் மான் உப்புக்கண்டம் உறைந்துபோய், கடித்தால் பல்லே கழன்றுவிடும் போலிருந்தது. எட்டரைக்கு நான், "போயிடலாம் மச்சான்" என்றேன். அவன், "அத்தான், இன்னும் பத்து நிமிஷம்" என்றான். அல்லது அவன் சொன்னான், நான் சொன்னேன். யாரோ ஒருவர் பத்து நிமிஷம் என்றோம். ஒன்பதரைக்கு மேகம் விலகி வெயில் வந்தது பாருங்கள், மேட்டுக்கு மேடு அணில் எழுந்து நிற்கிறது! பதினாறு எண்ணினேன். இதிலே உள்ள சங்கடம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அணிலை எழுப்புகிற வெயில்தான் சேற்றையும் எழுப்புகிறது. கிளம்ப வேண்டிய நேரமும் அதுதான், சுட வேண்டிய நேரமும் அதுதான். நாங்கள் சுட்டோம்.

வெண்டலின் நாற்காலி முதல் குண்டிலேயே சேற்றில் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு விரற்கடை. ஐந்தாவது அணிலைக் குறிபார்த்தபோது அவன் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "அத்தான், இந்த அணில் என்னை ஏன் குனிஞ்சு பாக்குது?" என்று கேட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் வண்டியையும் பார்த்தேன். அதுவும் உட்கார்ந்திருந்தது.

பதினொரு மணி. வயல் முழுக்கக் கூழ். வண்டியை எடுக்கிறோம், பின்சக்கரம் சுற்றுகிறது, ஸ்டியரிங் என் கையில், அதாவது அவன் கையில், வழுக்குகிறது. பக்கத்து இருக்கையிலிருந்தே எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முப்பது வருடம் இந்த ஜில்லாவின் சேற்றில் தபால் வண்டி ஓட்டியவன் நான், சேற்றில் வேகம் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேகம் கொடுக்கப்பட்டது. பின்னாடிக் கண்ணாடியில் பார்த்தால் வெண்டல் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான், தலையிலிருந்து கால் வரை சேறு, சூடாகிற சட்டையிலிருந்து புகை வருகிறது. அவன் பின்னால் தள்ளினால் யார் ஓட்டியது என்று கேட்பீர்கள். அது ஒரு குழப்பமான நேரம், அண்ணி.

சக்கரத்துக்கு அடியில் வண்டியின் கால்மிதி விரிப்பைப் போட்டோம், மடக்கு மேசையைப் போட்டோம், இரண்டையும் வயல் விழுங்கிவிட்டது. கடைசியில் வேறு பலகை கிடைக்காமல் கேட்டிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி வரவேண்டியதாயிற்று. எந்தப் பலகை என்று உங்களுக்கே புரிந்திருக்கும். "கால் வயலில்" என்ற பாதி நன்றாகத்தான் இருக்கிறது, துடைத்து உங்கள் சமையலறையில் வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனால் எச்சவெரி உங்களிடம் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுவது நல்லது. ஆமாம், எச்சவெரிதான். வாய்க்கால் மதகுத் தகராறில் பதினோரு வருடமாக நீங்கள் முகத்தில் விழிக்காத அதே பக்கத்து வயல்காரர். சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் இருந்த ஒரே ஆள் அவர்தான், நான் என்ன செய்வேன்? வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் எங்களை வேடிக்கை பார்த்தார். அப்புறம்தான் கூப்பிட்டார்.

"ஏய்யா ஆரின், இது வெர்னாம்மா வயல்தானே?"

"ஆமாங்க."

"நான் உள்ள வரலாமா?"

"வாங்க."

"நீ சொன்னா போதாதுய்யா. அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்று சொன்னது வெண்டல். பொய் சொல்ல எனக்கு வராது.

டிராக்டர் வந்து இழுத்தது. வண்டி வெளியே வந்தது. ஆனால் டிராக்டர் என்ன, கோழி இறகா? எங்கள் தடம் முழங்கால் ஆழம் என்றால் அதன் தடம் இடுப்பு ஆழம். கேட்டிலிருந்து வயல் நடுவரை நாலு வரி. தண்ணீர் நின்று நேற்று இரண்டு வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. எச்சவெரி போகும்போது தொப்பியைக் கழற்றி, "அந்தம்மா கேட்டா, நான் தண்ணி விஷயமா உள்ள வரலைன்னு மட்டும் சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.

அணில் மொத்தம் ஒன்பது சுட்டோம். மீதி இப்போது டிராக்டர் தடத்தின் மேட்டில் உட்கார்ந்து வெயில் காய்கின்றன.

ஆகவே அண்ணி, என் தாழ்மையான விண்ணப்பம் இதுதான். உங்கள் சட்டம் நியாயமான சட்டம். வயலில் சக்கரம் வைத்தவனை விடக்கூடாது. வெண்டலை இன்றோடு நிறுத்திவிடுங்கள், நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். அவன் மனசு உடையும், உடையட்டும். தடங்களை நானே மண்வெட்டி எடுத்து நிரவி, வயல் காய்ந்ததும் புது விதை தூவிக் கொடுக்கிறேன். என்னை மட்டும் விட்டுவிடுங்கள்.

பேத்திக்கு எங்கள் முத்தம். மகளுக்கும் மருமகனுக்கும் அன்பு. கர்த்தர் உங்கள் வயலுக்கு நல்ல வெயிலும் உங்கள் மனசுக்கு நல்ல பொறுமையும் தரட்டும்.

என்றும் பணிவுள்ள கொழுந்தன்,
ஆரின் டக்கெட்

பின்குறிப்பு: தபாலில் போட்டால் நீங்கள் ஊர் திரும்புவதற்கு முன் வந்து சேராது என்று, இன்று பாய்சி திரும்புகிற வெண்டலிடமே கொடுத்தனுப்ப நினைத்தேன். அவன் உறையைக் கையில் வாங்கி, "என்ன எழுதியிருக்கீங்க, படிங்க அத்தான்" என்றான். படித்தேன். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. "சரி, நான்தான் ஓட்டினேன்னே சொல்லிக்கறேன். எனக்கு வருஷத்துல ஒரு நாள்தானே. உங்களுக்கு அது ஒண்ணுதானே இருக்கு" என்றான். அதைச் சொல்லாமல் இரண்டு அறை விட்டிருக்கலாம். வெட்கமாகப் போய்விட்டது. அண்ணி, ஏழு மணிக்கு வயலை உதைத்துப் பார்த்தது நான். சாவி என் கையை விட்டுப் போகவே இல்லை. பத்து நிமிஷம் என்றதும் நான். எச்சவெரியிடம் "தெரியும்" என்றதும் நான்தான். வேண்டாம் வேண்டாம் என்று கடைசிவரை தடுத்தவன் வெண்டல். ஆகவே நிறுத்துவதானால் என்னை நிறுத்துங்கள், அவனை விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்று, இருபது வருடமாக வந்தாலும் அவனுக்கு உங்கள் வயலுக்கு வழி தெரியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.