பேசாததையும் எழுதும் கண்ணாடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். டிரைவிங் ஸ்கூல் காரின் முன்பக்கம் மட்டும் அவ்வளவு சுகமில்லை, அதைப் பற்றிக் கீழே வருகிறேன். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் வாரம் தவறாமல் போன் செய்கிறாள், சந்தோஷம். ஆனால் வர வர வாய்க்குள்ளேயே பேசுகிறாள். தொண்டைக்கு ஏதாவது மருந்து வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் ஆபீஸில் செய்து நீங்கள் அனுப்பிய புதுக் கண்ணாடி, மூன்றாவது, பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடவே, "மாமா, ஒளிக்காம சொல்லுங்க, இதை தினமும் போட்டுக்குவீங்களா? உங்களை மாதிரி சாதாரண ஆளுங்க சொல்றதை வெச்சுத்தான் எங்க ஆபீஸ்ல இந்த வேலையைத் தொடர்றதா, மூட்டை கட்டறதான்னு முடிவு பண்ணப் போறாங்க" என்று சொல்லியனுப்பியிருந்தீர்கள். உங்கள் இத்தனை வருஷத்து உழைப்பு என் ஒரு வார்த்தையில் நிற்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் பொய் சொல்ல எனக்கு வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்கிற பேங்க் மேனேஜரிடமே "உங்களுக்கு ஆட்டோதான் சார் லாயக்கு" என்று சொன்னவன் நான். ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கண்ணாடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெல்டிங் வேலைக்குப் போகிறவன் போட்டுக்கொள்கிற சைஸில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினால் கண்ணாடி காட்டிய மீன் ஒன்று படிக்கு மேலே நீந்திப் போனது. மீன் எதற்கு என்று உங்களையே போனில் கேட்டேன். "சும்மா காட்டறதுக்கு, மாமா" என்றீர்கள். நான் கடைசிப் படியைத் தவறவிட்டதுதான் மிச்சம். எதிர் வீட்டுக்காரர் எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது என்று நினைத்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பழத்தை வாங்கிக்கொண்ட பிறகு உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

இரண்டாவது கண்ணாடி கனம் குறைவு. ஆனால் ஒரு ஒயரும், சட்டைப் பையில் வைக்க ஒரு பேட்டரியும் கூடவே வந்தன. பேட்டரி சூட்டில் நெஞ்சு வெந்தது. அது ரோட்டின் மேலேயே அம்புக்குறி போட்டு வழி காட்டுமாம். வழி காட்டுவது யார் தொழில், மாப்பிள்ளை? மருந்துக்கடை அம்மாவுக்கு வண்டி கற்றுக்கொடுக்கும்போது போட்டுக்கொண்டு போனேன். நேரே போகவேண்டிய இடத்தில் அம்பு இடது பக்கம் காட்டியது. எனக்கு வந்த கோபத்தில், "இடது பக்கமா? போ, போய்த்தான் பாரேன்!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன். கண்ணாடி எங்கும் போகவில்லை. அந்த அம்மா போய்விட்டார். அது ஆஸ்பத்திரியில் அவசர நோயாளிகளை இறக்குகிற வாசல். ஆட்கள் ஓடி வந்து, நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "சார் சொன்னா சொன்னதுதான்" என்று அந்த அம்மா இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது மூன்றாவது. பார்க்கச் சாதாரண மூக்குக் கண்ணாடி, கனம் தெரியவில்லை, சூடும் இல்லை. எதிரில் இருப்பவர் பேசுவதைப் பச்சை எழுத்தில் கீழே ஓட்டுகிறது. நல்ல சங்கதிதான், மறுக்கவில்லை. தபால்காரர் பேசியதையும் காய்கறிக்காரர் கத்தியதையும் பிசகாமல் எழுதியது. ஆனால் இதில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. யாருமே பேசாதபோதும் எழுதுகிறது. என் மாணவர்கள் வண்டியில் வாயே திறக்கமாட்டார்கள், என் மேல் அவ்வளவு பயபக்தி. அப்படியிருக்க, போன வாரம் தையற்காரர் அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, "சார், பிரேக் போடட்டுமா? சார்? சார்!" என்று எழுத்து ஓடியது. கண்ணாடிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சும்மா இருந்தேன். கார் குப்பைத்தொட்டியை முட்டி நின்றது. அந்த மனுஷனாவது ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் அல்லவா?

வீட்டில் இன்னும் மோசம். உங்கள் அத்தை முன்னே மாதிரி இல்லை, வயசாக ஆகப் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டாள். வீடு கோயில் மாதிரி இருக்கிறது, என் பாக்கியம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள், நான் டீ குடிக்கிறேன், ஒரு சத்தம் கிடையாது, அப்போது எழுத்து ஓடுகிறது: "முட்டி வலி உயிர் போகுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை தடவை சொல்றது." எழுந்து டிவியைப் பார்த்தேன், அணைந்திருந்தது. இது பக்கத்து வீட்டுப் பேச்சைப் பிடிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒரு அம்மா, பாவம், புருஷனிடம் சொல்லி மாளாமல் புலம்புகிறாள். அவன் எப்பேர்ப்பட்ட ஜென்மமோ! மனசு கேட்காமல் உங்கள் அத்தையிடமே சொன்னேன், "பக்கத்து வீட்டுல அந்தம்மாவுக்கு முட்டி வலியாம், நீ போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வாயேன்" என்று. அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். பிறகு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வீட்டுச் சமாசாரத்தை எட்டிப் பார்க்கிற சாமானை ஒரு கௌரவமான குடும்பத்தில் தினமும் எப்படிப் போட்டுக்கொள்வது? மாட்டேன் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. கண்ணாடியை நாளைக் காலை கூரியரில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்கும், கெட்டிக்காரர் நீங்கள். என் மகளை மனம் கோணாமல் வைத்துக்கொண்டு நீங்களும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று, என்னைவிட நன்றாகப் பிரார்த்தனை செய்யத் தெரிந்த உங்கள் அத்தையையும் சேர்த்துக்கொண்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். கண்ணாடியைப் பெட்டியில் வைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். உங்கள் அத்தை ஜன்னலோரமாக, எனக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுத்து ஓடியது: "இதையும் திருப்பி அனுப்பிடுவாரு. அதுவாவது நான் பேசறதைக் கேட்டுச்சு."

நான் எழுந்து சுற்றிக்கொண்டு அவளுக்கு எதிரில் போய் நின்றேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை. எழுத்தும் உதடும் ஒன்றாகவே ஓடின. "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டேன். மடித்த துணியெல்லாம் கீழே விழுந்தது. "ரெண்டும்தான்" என்றாள். அதையும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், மீனைத் தவிர. உங்கள் ஆபீஸில் மாமா தினமும் போட்டுக்கொள்கிறார் என்று சொல்லுங்கள். தையற்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. முட்டிக்கு இன்றைக்கே டாக்டரிடம் போகிறோம். அப்படியே காது டாக்டரையும் பார்த்துவிட்டு வரவேண்டுமாம். எழுத்தில் வந்துவிட்டது, கேட்கவில்லை என்று தப்பிக்க முடியவில்லை. என் மகளுக்குத் தொண்டை மருந்து வேண்டாம்.

ஒரே ஒரு குறைதான். பேட்டரி சாயங்காலத்தோடு தீர்ந்துபோகிறது. உங்கள் அத்தை இன்னும் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. அதைக் கொஞ்சம் சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள், மாப்பிள்ளை.