காணாமல் போகாதவர்களுக்கு மூன்று கடிதங்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். இனி யாருடைய நலத்தையும் விசாரிப்பதில்லை என்று நேற்று மாலை முடிவு செய்துவிட்டதால் உங்கள் நலத்தைக் கேட்காமல் விடுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினியைத் தொடவே பயமாக இருப்பதால் பேனாவால் எழுதுகிறேன்.

நான் மேலாளராக இருக்கும் கோல்ஃப் மைதானத்துக்கு ஆள் வரத்து குறைந்துபோய், வருஷக் கடைசிக்குள் கூட்டம் சேராவிட்டால் இடத்தை விற்றுவிடுவேன் என்று முதலாளி சொன்னதும், அதைக் கேட்டு நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, உறுப்பினர்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. அறுபது நாள் மைதானத்துப் பக்கம் வராதவருக்கு ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் மூன்று நாளில் இரண்டாவது, அதற்கும் அசையாவிட்டால் மூன்றாவது. "மாமா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுவே பாத்துக்கும்" என்றீர்கள். நான் ஒன்றும் பண்ணாமலே இருந்திருக்கலாம். நீங்கள் எழுதி வைத்திருந்த வாசகம் எனக்கு மொட்டையாகப் பட்டது. இருபது வருஷமாக முகம் பார்த்துப் பழகியவர்களிடம் 'சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்றா எழுதுவது? அதை அழித்துவிட்டு முதல் கடிதத்தில் அறுபது நாளாக ஆளையே காணோமே, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டாவதில் எங்கள்மேல் ஏதும் வருத்தமா என்று கேட்டேன். மூன்றாவதில், எழுத எழுத எனக்கே கலக்கமாகி, 'எங்கிருந்தாலும் ஒரு வரி எழுதவும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்' என்று முடித்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. வருகிறவர்கள் வாசலில் இருக்கும் திரையில் போன் நம்பரைத் தட்டினால்தான் ஆள் வந்தது இயந்திரத்துக்குத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள் அல்லவா? தெரிந்த மனிதர் சிரித்துக்கொண்டே உள்ளே வரும்போது நம்பரைத் தட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல் நீள நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பினேன். ஆக, இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டு மாதமாக மைதானத்துக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் போய்விட்டது.

பல் டாக்டர் நான்காவது குழியருகே மட்டையை ஓங்கிக்கொண்டிருந்தபோது அவர் பையிலிருந்த போனில் கடிதம் வந்து விழுந்தது. மட்டையும் கையுமாக ஆபீசுக்கே வந்துவிட்டார். "தினமும் காலையில உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தானே உள்ள போறேன். யாருங்க என்னைத் தேடறது?" என்றார். நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. அவர் வீட்டு அம்மா போன் செய்து நிதானமாகக் கேட்டார்: "வாரம் ரெண்டு நாள் கோல்ஃபுன்னு சொல்லிட்டு வெள்ளை சட்டையோட கிளம்பறாரு. அறுபது நாளா ஆளையே காணோம்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்ப எங்கதான் போறாரு?" நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவர்கள் கூடத்தில் நின்று தேதி தேதியாக வாசித்துச் சாட்சி சொன்னேன். "அந்த நோட்டு நீங்க எழுதறதுதானே" என்றார் அம்மா. மறுநாள் தானே கிளம்பி வந்து, நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, புருஷன் பந்தைப் புதருக்குள் அனுப்புவதைக் கண்ணாரப் பார்த்தார். "இதுக்கா இத்தனை வருஷம்? குடுங்க அந்தக் குச்சிய" என்று வாங்கி ஓர் அடி அடித்தார். பந்து நேராகப் போயிற்று. இப்போது தங்கையையும் சேர்த்துக்கொண்டு பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர் என்னோடு பேசுவதில்லை.

பதில்களும் குவிகின்றன. முழங்கால் எக்ஸ்ரே படம் அனுப்பியவர்கள் இரண்டு பேர். 'வருத்தமெல்லாம் இல்லை, சோம்பல்தான், சனிக்கிழமை வருகிறேன்' என்று எழுதியவர்கள் பலர். கொஞ்சம் சந்தோஷப்படலாமா என்று நினைக்கும்போதுதான் அது தெரிந்தது. உறுப்பினர் பட்டியலில் முதல் பெயர் முதலாளியுடையது. அவர் மைதானத்தில் கால் வைத்து ஆறு வருஷமாகிறது. மூன்று கடிதமும் அவருக்குப் போயிருக்கின்றன. நேற்று மாலை போனில், "நாளைக்குக் காலையில ஆபீஸ்ல இருங்க, நேர்ல பேசணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். முதலாளியைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதியவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? ராஜினாமாவை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். என் வேலை போவதைவிட, என்னால் மைதானமும் போகுமே என்பதுதான் என்னை வதைக்கிறது. தயவுசெய்து உடனே வந்து இந்த இயந்திரத்தின் வாயை மூடிவிடுங்கள்.

மகளுக்கு என் ஆசி. ராஜினாமா விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாள். நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, முக்கியமாக நிம்மதியும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். மேலே எழுதியதைப் படிக்காததாகப் பாவிக்கவும். மூன்று கடிதத்தையும் அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "வீட்டுக்காரி போன பிறகு, உடம்பு எப்படி இருக்குன்னு என்கிட்ட யாரும் கேட்டதில்லீங்க" என்றார். பிறகு மட்டையைக் கேட்டு வாங்கி, நாலைந்து அடியில் முடிய வேண்டிய முதல் குழிக்கே பதினோரு அடி அடித்தார். விற்பதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியவர், கண்ணாடியை இறக்கி, "நாலாவது லெட்டர் எப்ப வரும்?" என்று கேட்டார். நீங்கள் மூன்றோடு முடித்து வைத்திருக்கிறீர்கள். உடனே வரவும்.