சித்தர் ஊதிய மவுஸ்

“அம்மா, வாலில்லாத மவுசுக்கு எங்க போகணும்னு யாரும்மா சொல்றா?” என்று கணினியைப் பார்த்து மகள் ஒருநாள் கேட்டாள்.

“கண்ணுக்குத் தெரியாத அலைடி,” என்றாள் அம்மா. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்த அம்மா லேபிள் வடிவமைக்கும் அச்சகத்தில் அந்த அலைக்கு ஒரு சித்தரே முளைத்துவிட்டார். வயர் மவுஸ் எண்ணத்தைக் கட்டிப்போடுமாம். வயரில்லாததை அவர் ஊதிக் கொடுத்தால் பறக்குமாம். காணிக்கை ஒருநாள் சம்பளம். வரிசை வாசலைத் தாண்டியது.

ஒவ்வொரு மேசையிலும் முதலில் மவுஸை நகர்த்திக் காட்டுவார். திரையில் அம்பு நத்தையாய் ஊரும். “திரும்பி நின்னு கண்ணை மூடுங்க!” எல்லோரும் மூடுவார்கள், சித்தரைத் தவிர. திறந்து பார்த்தால் அம்பு பாயும். கைதட்டாதவர் பாவி!

அவள் மட்டும் பழைய வயர் மவுஸை விடவில்லை.

“ஊதிக்கலைன்னா வேகம் வராது. வேகம் வரலைன்னா வெள்ளிக்கிழமையோட நின்னுக்கம்மா,” என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை சித்தர் வந்ததும் கேட்டாள்: “சாமி, சக்தி மவுசுக்குள்ளதானே இருக்கு?”

“ஒவ்வொரு அணுவிலயும்!”

“அப்போ எங்க வச்சாலும் பறக்கணும்ல? அண்ணே, உங்களுத கொஞ்சம் குடுங்க.”

மூத்த வடிவமைப்பாளரின் அருள்பெற்ற மவுஸைத் தன் கணினியில் இணைத்தாள். நத்தை. தன் வயர் மவுஸை அவர் கணினியில் செருகினாள். அம்பு பாய்ந்தது.

“வயருக்கும் அருள் தொத்திக்கிச்சா சாமி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் அதே கணினியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அம்பின் வேகம் கடைசிக் கோடுவரை தள்ளப்பட்டிருந்தது. “கண்ணை மூடச் சொன்னது இதுக்குத்தான். வயர் இருந்தாலும் இல்லாட்டியும் நம்ம வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அன்று உண்மையிலேயே பறந்தவர் சித்தர்தான். முதலாளி தொண்டையைச் செருமினார். “திங்கக்கிழமை... வழக்கம்போல வந்துடும்மா.”

கும்பிடும்போது கண்ணை மூடலாம். கடவுள் நம் பையைத் தடவமாட்டார். கை நீட்டுகிறவன் மூடச் சொன்னால், இரண்டு கண்ணையும் அகலத் திறக்க வேண்டும்.

மதியம் எல்லோரும் சாப்பிட வெளியே போனார்கள். சித்தரைப் புகழ்ந்து மூத்த வடிவமைப்பாளர் எழுதிக் கையெழுத்திட்ட தாள் சுவரில் தொங்கியது. திரும்பி வந்ததும் அதை வைத்தே எழுதியவரைக் கேலியால் உரித்தெடுப்பார்கள். மகள் காய்ச்சலில் கிடந்த வாரம், இவளுடைய லேபிள்களைச் சத்தமில்லாமல் முடித்து வைத்த மனிதர் அவர்.

தாளைக் கழற்றினாள். பொடிப்பொடியாகக் கிழித்து, குப்பைக்கூடையில் எச்சில் தேநீர்க் கோப்பைகளுக்கு அடியில் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.