பதினொன்று என்று எழுதிய பன்னிரண்டடி ஹால்

திண்டுக்கல்,
12.1.2004

மரியாதைக்குரிய ஸ்டான்லி மாமா அவர்களுக்கு,

மருமகள் சகாயசெல்வி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய, பிளான் போடும் சாப்ட்வேரின் புது வெர்ஷன் சிடியும் சுகமாக வந்து சேர்ந்தது. சுகம் அதோடு முடிந்தது.

போனில் தாங்கள் பேசியபோது நான் "ம்" என்றேன். அது சம்மதம் இல்லை மாமா. ஒன்பதாம் வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லச் சத்தம் வராமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி வருஷம் ஆப்சென்ட் ஆகி, படிப்பை விட்டவள் நான். நம் பிளான் கடையில் இதுவரை போட்ட வீட்டு வரைபடங்களையெல்லாம் புது வெர்ஷனில் திறந்து சேமிக்க வேண்டும், பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடை பக்ருதீன் பாயிடம் தள்ளிவிட வேண்டும், பிறகு டிப்ளமா படித்த தங்கள் பையன் பிராங்க்ளின் வந்து கடையைப் பார்த்துக்கொள்வான், நான் வீட்டில் அம்மாவுக்கு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கலாம் என்றீர்கள். அதாவது என் நாற்காலியை நானே துடைத்துப் பிராங்க்ளினுக்குப் போட வேண்டும். மாட்டேன். பேனா பிடித்தால் எனக்குச் சத்தம் நன்றாகவே வருகிறது.

காரணம் கேட்பீர்கள். போன வாரம் ஒட்டன்சத்திரம் நாச்சிமுத்து அண்ணன் மனைவி புவனேஸ்வரி அக்காவோடு வந்தார். முந்தின வருஷம் கட்டிய வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டுமாம், பழைய பிளான் வேண்டுமாம். தாங்கள் சொன்னபடியே அதைப் புது வெர்ஷனில் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் ஹாலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க அம்மிணி, பன்னெண்டுன்னு போட்டிருக்குது? மனையடி சாஸ்திரத்துல பன்னெண்டடி ஆகவே ஆகாதுங்களே! செல்வம் கரைஞ்சு போகுமுங்க!" என்றார். அந்த ஹால் பன்னிரண்டடிதான். பதினொன்றில் படிக்கட்டு அடங்காததால் தாங்கள் பன்னிரண்டில் வரைந்தீர்கள். ஜோசியர் பதினொன்றுதான் ராசி என்று ஒற்றைக்காலில் நின்றதும், படத்தைத் திருத்தாமல் எண்ணை மட்டும் கையால் பதினொன்று என்று அடித்துவிட்டு, கொத்தனார் காதில் பன்னிரண்டு என்று சொன்னீர்கள். "ஜோசியர் தாளைத்தான் பார்ப்பாரு, டேப்பு புடிக்க மாட்டாரு" என்று சிரித்தீர்களே, நான் பக்கத்தில்தான் இருந்தேன். பழைய வெர்ஷன் வாயை மூடிக்கொண்டு பதினொன்று என்றே காட்டியது. புதுசு நாம் அடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரைத் தானே அளந்து உள்ளதைச் சொல்கிறது.

அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாடு சினை பிடிக்காதது, முருங்கைக்காய் விலை விழுந்தது, பையன் இங்கிலீஷில் பெயில் ஆனது, விருந்துக்கு வந்த மச்சினன் இன்னும் ஊர் திரும்பாதது, எல்லாம் அந்த ஒரு அடியால்தான் என்று கணக்குப் போட்டுச் சுவரை இடிக்கவே கிளம்பிவிட்டார். அப்போது அக்கா எழுந்தார். "அப்ப இத்தன நாளா எல்லாத்துக்கும் எங்கம்மா காலடி வெச்ச நேரம்னு பேசினீங்களே, அது?" என்றார். நான் மானிட்டருக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரைப் போட்டு அதே பிளானை எடுத்து நீட்டினேன். பதினொன்று. "இதானுங்க என்ற வீடு! அந்தப் புதுப் பொட்டிதான் கோளாறுங்க" என்று அண்ணன் ரத்த ஓட்டம் திரும்பி எழுந்தார். "ஆக, பழி மறுபடி எங்கம்மா மேலதான்" என்ற அக்கா, பன்னிரண்டு போட்ட தாளைச் சத்தமில்லாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மாமா, கையால் அடித்த எண்கள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று தங்களுக்கே ஞாபகம் இருக்காது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழையதைக் காயலானுக்குப் போட்டால், மாடி எடுக்க வருகிற ஒவ்வொருவரும் கடப்பாரையோடுதான் வருவார்கள். பிராங்க்ளின் அவர்களுக்கு டிப்ளமாவைக் காட்டுவானா? அதனால் என் முடிவு இது. பழைய படங்கள் பழையதிலேயே இருக்கும். புது வீடு புதிதில் போடுவோம். பக்ருதீன் பாய் வந்தால் டீ கொடுத்து அனுப்புவேன். பழைய கம்ப்யூட்டரும் நகராது, நானும் நகர மாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. பொங்கலுக்கு வர முடியாவிட்டாலும் தங்கள் ஆசீர்வாதத்தை அனுப்பவும். இந்த விஷயத்தில் அனுமதி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அடக்கமான மருமகள்
சகாயசெல்வி

பின்குறிப்பு: பொங்கல் விடுமுறையில் தபால் ஆபீஸ் மூடியிருந்ததால் கடிதம் இங்கேயே கிடந்தது. கடைக்கும் ஆள் வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாப் பிளானையும் புது வெர்ஷனுக்கு மாற்றிவிட்டேன். எண்ணைப் புதிதிலேயே மறுபடி அடித்தால் அது மறுக்காமல் வைத்துக்கொள்கிறது. எல்லா வீடும் திரும்ப ராசியாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரைப் பாய் எடுத்துப் போய்விட்டார். பிராங்க்ளினையும் தாராளமாக அனுப்புங்கள். எந்தப் பதினொன்று உண்மையில் எத்தனை என்று அவன் என்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால், "ம்" என்பேன்.