மூக்கர் முகர்ந்த கைக்குட்டை

கூட்டம் கூடக் கூடாது என்று பூட்டிய பூங்காவின் வாசலில் தினமும் காலையில் எழுநூறு பேர் கூடினார்கள். பூங்கா திறந்திருந்த காலத்தில் எழுபது பேர் வந்தாலே அதிகம்.

எல்லாம் மூக்கரைப் பார்க்கத்தான். ஊரில் விஷக்காய்ச்சல் பரவிய மூன்றாம் வாரம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர். காற்றை ஒரு இழுப்பு முகர்ந்தால் போதும், காய்ச்சல் எந்தத் தெருவில் இருக்கிறது, அடுத்த தெருவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்லிவிடுவாராம். மோப்பம் நாய்க்கும் உண்டு. ஆனால் நாய் கைக்குட்டை விற்பதில்லை. மூக்கர் விற்றார். அவர் முகர்ந்து கொடுத்த கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் காய்ச்சல் அண்டாது. வாங்கியவர்களில் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். "வலது பையில வெச்சிருப்பீங்க" என்றார் மூக்கர். அட, ஆமாம், வலது பைதான் என்று அவர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பூங்காவின் கதையையும் கேளுங்கள். முன்வாசல் சுகாதார அலுவலகத்தின் பொறுப்பு. பின்வாசல் பூங்கா அலுவலகத்தின் பொறுப்பு. சுற்றுச்சுவர் மராமத்து அலுவலகத்தைச் சேர்ந்தது. ஒருவர் கடிதத்தை ஒருவர் பிரிப்பதில்லை என்று மூன்று அதிகாரிகளும் சபதம் செய்திருந்தார்கள். ஆகவே ஒரு மாதமாக முன்வாசலில் 'உள்ளே நுழைந்தால் தண்டனை' என்று ஒரு பலகை. பின்வாசலில் 'நல்வரவு' என்று ஒரு பலகை. காய்ச்சலுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் குழம்பியே செத்திருக்கும்.

ஆனால் மூக்கர் சொன்னால் மூவரும் கேட்டார்கள். மூவர் பையிலும் கைக்குட்டை இருந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் பூங்காவின் தோட்டக்காரர். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "மூக்கு சிந்த எனக்குத் துண்டு இருக்குங்க" என்று வாயையும் விட்டார். அரை மணி நேரத்தில் மூக்கர் பூங்காவுக்குள் மூக்கை நீட்டினார். "காய்ச்சல் இந்தத் தூங்குமூஞ்சி மரத்துலதான் குடியிருக்கு. வெட்டினாத்தான் ஊர் பிழைக்கும்!"

தோட்டக்காரர் கல்யாணமான வருஷம் குச்சியாக நட்ட மரம் அது. பிள்ளை இல்லாத வீட்டில் முப்பது வருஷமாக அதுதான் பிள்ளை. ஒரு பின்வாசலைப் பூட்ட ஒரு மாதம் போதாத மூன்று அலுவலகங்கள், ஒரு மரத்தை வெட்ட ஒரே பிற்பகலில் மூன்று கையெழுத்தும் போட்டன.

காய்ச்சல் வார்டில் நர்சாக இருக்கும் மனைவி வேலை முடிந்து வந்தபோது அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, மூஞ்சி தரையைத் தொடுது?"

"நாளைக்குக் காலையில மரத்தை வெட்டுறாங்க. மூக்கர் சொல்லிட்டாராம்."

"அந்த ஆளுக்கு மூக்குன்னு ஒண்ணு வேலை செய்யுதா? என் வார்டுல வந்து பாருங்க. இந்தக் காய்ச்சல் வந்தா முதல்ல போறதே வாசனைதான். சோப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாம கிடக்குறாங்க."

தோட்டக்காரர் நிமிர்ந்தார். "ஏம்மா, நேத்து அவரு என் மீன் உரத்தொட்டி மேல உட்கார்ந்து டீ குடிச்சாரு."

மூன்று வாரம் ஊறிய மீன் கழிவு அது. காக்கையே சுற்றிப் போகும்.

"மூக்கைப் பொத்தினாரா?"

"முகம்கூடச் சுளிக்கலை. இன்னொரு டீ கேட்டாரு."

நர்சம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. "ஒரு வாளி உரம் எடுத்து வைங்க. நானும் வர்றேன்."

காலையில் கோடாரிகள் வந்தன. கூட்டம் வந்தது. மூடி போட்ட வாளியோடு தோட்டக்காரரும் வந்தார். "வெட்டுறதுக்கு முன்னாடி ஐயா கண்ணைக் கட்டிக்கிட்டு இதை ஒரு தடவை முகரட்டும். உள்ளே என்னன்னு சொல்லிட்டா, முதல் வெட்டு நானே வெட்டுறேன்."

"அவர் மூக்கையே சோதிக்கிறதா? அபச்சாரம்!" என்று பதறியவர் சுகாதார அதிகாரி.

"பயப்படுறாரா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். அது போதும். மூக்கரின் கைக்குட்டையாலேயே மூக்கரின் கண்ணைக் கட்டினார்கள். தோட்டக்காரர் மூடியைத் திறந்தார்.

எழுநூறு பேரும் சிதறினார்கள். மூன்று அலுவலகங்கள் ஒரு மாதமாகக் கெஞ்சியும் வராத இடைவெளி ஒரு நொடியில் வந்தது. மராமத்து அதிகாரி சுவரேறிக் குதித்தார், சுவர் அவருடையதுதானே.

மூக்கர் மட்டும் வாளிக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்தார். "ஆஹா! ரோஜா. இப்பத்தான் பறிச்சது."

அம்மாள் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். நூற்றிரண்டு.

"எத்தனை நாளா வாசனை தெரியலை?"

"பத்து நாளாம்மா."

"அதுக்கு முன்னாடி காய்ச்சல் வாசனை தெரிஞ்சுதா?"

மூக்கர் கண்கட்டை அவிழ்த்து வாளியைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி பணக்காரன் வாசனை மட்டும்தாம்மா தெரியும்."

பத்து நாள். தினமும் முகர்ந்து, முகர்ந்து, கையில் கொடுத்த கைக்குட்டைகள். எழுநூறு கைகள் மெல்லச் சட்டைப்பைக்குப் போயின. ஐயோ என்று எழுநூறு கைக்குட்டைகள் தரையில் விழுந்தன. அவற்றை எந்த அலுவலகம் பொறுக்குவது என்று அதிகாரிகள் சண்டையைத் தொடங்கியபோது, தோட்டக்காரர் குச்சியால் குத்தியெடுத்துக் கொளுத்திவிட்டு, பின்வாசலைத் தன் துண்டாலேயே கட்டி அடைத்தார். கோடாரிகள் வந்த வழியே போயின.

கடைசியாக நின்ற ஒருவர் மூக்கைப் பொத்தியபடி தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா, இந்த நாத்தத்துக்குக் காய்ச்சலே ஓடிடும் போலிருக்கே. ஒரு பொட்டலம் கிடைக்குமா? பையில வெச்சுக்கத்தான்."

தோட்டக்காரர் மரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"தாராளமா. ஆனா பையில வேண்டாம், தலையில போடுங்க. முப்பது வருஷமா தரிசா கிடக்கிற இடம், ஏதாவது முளைக்குதான்னு பார்ப்போம்."