புத்தகம் எடுக்கப் போன ஜெயவேல்

“இதே புக்கு வேற கலர்ல இருக்குதாம்மா?” என்று கேட்டார் ஜெயவேல்.

மேஜை மேல் ஏற்கெனவே முப்பத்திரண்டு புத்தகங்கள் கிடந்தன. எல்லாம் பங்குச்சந்தை, முதலீடு பற்றியவை. கடைக்காரப் பெண் பரிமளா பெருமூச்சு விட்டாள்.

“ஒரு புக்குக்கு ஒரு கலர்தான் சார்.”

“உள்ள நல்லா பாரும்மா. எடுத்து வெச்சிருப்பீங்க.”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆரணிப் பட்டுக் கடையில் இருபது வருஷமாகப் புடவை பிரித்துப் போடுகிறவர். நூறு புடவையைப் புரட்டாமல் ஒன்றை எடுக்கிறவர்களை அவர் மதிப்பதே இல்லை.

ஆனால் விஷயம் அவசரம். மனைவி சூர்யகலா பேரில் பாங்க்கில் இருக்கும் மூன்று லட்ச ரூபாய் டெபாசிட் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதைப் பங்குச்சந்தையில் போட ஜெயவேலுக்கு ஆசை. கழுதைப் பால் பண்ணையில் போட அவள் தம்பி பார்த்திபனுக்கு ஆசை. அன்று திங்கட்கிழமை காலையில்தான் அவள் தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஷேரைப் பத்தி ஒரே ஒரு நல்ல புக்கு எடுத்துட்டு வாங்க, கையெழுத்து போட்டுத் தர்றேன். இல்லாட்டி பணம் கழுதைக்குத்தான்.”

மூன்று லட்சத்தைக் கழுதை தின்பதை நினைத்தால் ஜெயவேலுக்கு வயிறு எரிந்தது. அதற்காகக் கறுப்பு அட்டையை நல்ல காரியத்துக்கு எடுக்க முடியுமா? சிவப்பு அம்பு கீழே இறங்குகிற அட்டையும் அபசகுனம். ஒன்றை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, தங்க எழுத்தை நகத்தால் சுரண்டினார். எழுத்து கையோடு வந்துவிட்டது.

“ஜரிகை சுத்தமில்லைம்மா.”

செவ்வாய்க்கிழமை ஐந்து புத்தகங்களை வீட்டில் காட்டிவிட்டுத் தருவதாக எடுத்துப் போனார். சூர்யகலா ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“இதைத்தான் எதிர் வீட்டு ரேணுகாம்பாள் வெச்சிருக்காங்க. அதே டிசைன் நமக்கெதுக்கு?”

நியாயமான கேள்வி. மற்ற நான்கும் அவளுக்குப் பழசாகத் தெரிந்தன. ஜெயவேல் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

புதன்கிழமை பரிமளா தானாகவே சொன்னாள்: “சார், புதுசா ரெண்டு பார்சல் வந்துகீது. பிரிக்கட்டுமா?”

புதுச் சரக்கு என்றால் ஜெயவேலின் கால் நகருமா? கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாடியில் புத்தகக் கட்டு தொப்பென்று விழுந்தது.

“மேல யாரும்மா?”

“ஒரு கஸ்டமர் சார். உங்களை விடப் பேஜாரு. மூணு நாளா பாத்துகினே இருக்காரு.”

“சிலருக்கு செலக்ட் பண்ணவே தெரியாதும்மா,” என்றார் ஜெயவேல், அறுபத்தோராவது புத்தகத்தைத் தள்ளிவிட்டு.

வியாழக்கிழமை ஒன்று பிடித்தேவிட்டது. பர்ஸை எடுத்தார்.

“இதுலயே பெரிய சைஸ் குடோன்ல இருக்குது சார். நாளைக்கு வந்துடும்,” என்றாள் பரிமளா. பர்ஸ் மறுபடி பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மணி நாலரை. பெரிய சைஸ் வரவில்லை. ஜெயவேலுக்கு வியர்த்துக் கொட்டியது.

“மொத நாள் மொதல்ல காட்டினியே, பச்சை அட்டை, அதையே குடும்மா! ஜல்தி!”

அது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பரிமளா நிதானமாகத் தேடி எடுத்தாள். பில் போடுகிற மிஷினில் பேப்பர் தீர்ந்துபோனது. அதை மாற்றினாள். பில் வெளியே வந்தபோது மணி ஐந்து.

ஜெயவேல் புத்தகக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

“போச்சும்மா! என் மச்சான் இந்நேரம் பாங்க்ல நின்னுகினு இருப்பான்!”

“பாங்க்ல யாரும் இல்ல சார்,” என்றாள் பரிமளா. “உங்க மச்சானும் அதே கண்டிஷன்ல திங்கக்கிழமைலேருந்து எங்க மாடியிலதான் கழுதை வளர்ப்புப் புக்கு செலக்ட் பண்ணிகினு இருக்காரு, அஞ்சு மணி தாண்டினா டெபாசிட் தானா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு ஓடிடும், அது வரைக்கும் ரெண்டு பேருக்கும் எடுத்துப் போட்டுகினே இருன்னு சூர்யகலாக்காதான் சொல்லிட்டுப் போனாங்க.”