ஜன்னலுக்கு ஏறாத அலமண்டா

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தையின் முழங்கால் முக்கால்வாசி சுகம், நீங்கள் கொண்டுவந்து கொடுத்த இரண்டு அலமண்டாப் பூங்கன்றுகளும் பரம சுகம். கடைசியாகச் சொன்னதுதான் என் தலைவலி.

உங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டு மாப்பிள்ளையைக் குறை சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அத்தையின் ஆபரேஷனுக்கு முந்தின வாரம், "மாமா, சிவப்புத் தொட்டியில இருக்கிறது கொடி, கறுப்புல இருக்கிறது செடி. ரெண்டும் ஒரே மஞ்சப் பூதான், மாத்திடாதீங்க" என்று சொன்னீர்களா இல்லையா? மாடியை விட்டு இறங்க முடியாதவள் கண்ணெதிரே நாலு பூ ஏறி வரட்டும் என்று, அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சிவப்பை ஜன்னலுக்கு நேர் கீழேயும் கறுப்பை வாசல் கேட்டோரமும் நட்டேன். நாற்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவன், அளவெடுக்காமல் எதையும் செய்யமாட்டேன். ஜன்னல் தரையிலிருந்து பதினோரு அடி. வாராவாரம் டேப்போடு போய் நிற்கிறேன், எட்டு மாதமாக ஜன்னலடியில் நட்டது என் இடுப்பைத் தாண்டவில்லை. நூல் கட்டினேன், எலாஸ்டிக் கட்டினேன், அது பாட்டுக்குப் பக்கவாட்டில் பெருத்துக்கொண்டே போகிறது.

கேட்டோரத்தில் இருப்பது நேர்மாறு. எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொள்கிறது. அழைப்பு மணியை மூடியது, தபால் பெட்டியை மூடியது, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை ஒருநாள் கழற்றியே எடுத்துவிட்டது. நர்சரிக்காரரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெண்டும் ஒண்ணுதான் சார். வெட்டினா செடி, விட்டா கொடி" என்றார். அதை நம்பி, துணி வெட்டுகிற கத்தரியால் கேட்டில் இருப்பதைத் தினமும் காலையில் வெட்டினேன், ஜன்னலுக்குக் கீழே இருப்பதைத் தொடவே இல்லை. வெட்டிய இடத்திலெல்லாம் இரண்டு கிளை விட்டுடுச்சு, மாப்பிள்ளை. பால் வடிஞ்சு கத்தரி ஒட்டிக்கிச்சு, விரலெல்லாம் அரிப்பு. போன செவ்வாய்க்கிழமை கேட்டின் இரண்டு கதவையும் சேர்த்துப் பின்னி வெச்சிருக்கு, வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாம சுவரேறிக் குதிச்சார், பேன்ட் கிழிஞ்சது, அதையும் நான்தான் தைச்சுக் கொடுத்தேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு பண்ணுங்க, இல்லேன்னா வேரோட எடுத்துடுவேன்" என்கிறார்.

எனக்கு அவர் கோபம் பெரிதில்லை. அத்தை தினமும் ஜன்னலில் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். படி இறங்கப் பயந்துபோய்க் கிடப்பவளுக்கு ஒரு பூவைக்கூட மேலே ஏற்றிக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு மனசே ஆறவில்லை. ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, எது கொடி, எது செடி என்று உங்கள் வாயாலேயே சொல்லி, இடம் மாற்றி நட்டுத் தர வேண்டும்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். எல்லோரும் நன்றாக வளர்ந்து, வளர வேண்டிய திசையில் வளர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஞாயிறு காலை. ஒட்டுமுன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க ஜன்னலுக்குக் கொடி ஏத்தப் போறேன்னு சொன்னதைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் போற முந்தின நாளே ரெண்டையும் தொட்டி மாத்தி வெச்சதே நான்தான்" என்கிறாள். "கொடி ஏறி ஜன்னலை அடைச்சுக்கிட்டா எனக்குத் தெரு தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதோட, தினமும் நீங்க அந்தக் கொடியோட மல்லுக்கட்டறதைப் பார்த்துத்தான் இந்த எட்டு மாசமா சிரிக்கிறேன். பூவைப் பார்க்கவா உக்காந்திருக்கேன்?" அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் அரிவாளோடு கேட்டுக்கு வந்தார். அத்தை எழுந்தாள். பதினாலு படியையும் என் கையைப் பிடிக்காமல் இறங்கிப் போய், "கை வெச்சுப் பாருங்க!" என்று கொடிக்கு முன்னால் நிற்கிறாள். இங்கே ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவன் நான், கண் கலங்கி எழுத்து சரியாகத் தெரியவில்லை. தாங்கள் வர வேண்டாம். ஒரு நல்ல தோட்டக் கத்தரி மட்டும் அனுப்பவும்.